கடவுளை நம்பாதவர் ஸ்டோயிக் வழியில் வாழலாமா?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கொஞ்ச காலமாக ஸ்டோயிக் தத்துவவாதிகளான ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸும் ஆசிரியர் எபிக்டீட்டஸும் படித்து வருகிறேன். பக்கத்துக்குப் பக்கம் தெய்வம் வருகிறது. தெய்வத்தை எடுத்துவிட்டால் ‘இயற்கையோடு ஒத்து வாழ்’ என்ற அவர்களின் அடிப்படைக் கொள்கைக்கே அர்த்தமில்லை என்கிறார் நண்பர். நான் சேர நினைக்கும் இணைய வகுப்பிலோ, பிரபஞ்ச சக்தியிடம் ஒப்படைத்தால்தான் பலன் என்கிறார்கள். கட்டணம் எட்டாயிரம் ரூபாய். சேரலாமா? அம்மா கூப்பிட்டால் கோயிலுக்குப் போவது போலித்தனமா?

பதில்: முதலில், அந்த எட்டாயிரத்தைக் கட்டாதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டோயிக்குகள் சொன்ன அறத்தோடு வாழ மத நம்பிக்கை கட்டாயமில்லை. ஆனால் அவர்களே நாத்திகர்கள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ தொடங்கிய தத்துவப் பள்ளி இது. அவருக்கு அடுத்துத் தலைமை ஏற்ற கிளியாந்தீஸ் ஜீயஸைப் போற்றி எழுதிய துதிப்பாடல் இன்றும் கிடைக்கிறது. நொண்டிக் கிழவனான என்னால் கடவுளைப் பாடுவதைத் தவிர வேறென்ன முடியும் என்று எபிக்டீட்டஸ் தன் மாணவர்களிடம் கேட்டார். மூன்றாம் தலைவர் கிரிசிப்பஸோ, நன்மை தீமை பற்றிப் பேசவே உலகத்தின் இயற்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். ஆக, உங்கள் நண்பர் ஆதாரம் இல்லாமல் பேசவில்லை.

ஆனால் அந்தக் கடவுள் உலகத்துக்கு வெளியே இருந்து படைத்தவர் இல்லை. உலகம் முழுக்க ஊடுருவி அதை நடத்துகிற அறிவையே கடவுள் என்றார்கள்; அதையும் நெருப்பும் காற்றும் கலந்த ஒரு பருப்பொருளாகத்தான் எண்ணினார்கள். வேதநூல் இல்லை, புண்ணியக் கணக்கு இல்லை. நல்லவராக இருப்பதற்கு அதுவே கூலி.

இப்போது ‘இயற்கை’. உலகத்தின் இயற்கை, மனிதனின் இயற்கை என்று இதில் இரண்டு உண்டு. இரண்டாவதைப் பற்றி ரோம ஸ்டோயிக் செனெக்கா தன் 121ஆம் கடிதத்தில் அருமையாக எழுதுகிறார். நிற்கப் பழகும் குழந்தை விழுகிறது, அழுகிறது, அழுதுகொண்டே மறுபடி எழுந்து நிற்கிறது. மல்லாக்கக் கவிழ்த்துப் போட்ட ஆமைக்கு வலி ஒன்றுமில்லை. ஆனாலும் காலூன்றும் வரை அது ஓயாது. ஒவ்வொரு உயிரும் தன் அமைப்புக்கு ஏற்ற நிலையைத்தான் தேடுகிறது, சுகத்தை இல்லை என்பது வாதம். மனிதனின் அமைப்பு யோசிப்பதும் பிறரோடு கூடி வாழ்வதும். அதைச் செம்மையாகச் செய்வதுதான் அறம். இந்த வாதத்தின் எந்தப் படியையும் கண்ணால் பார்த்தே ஏற்கலாம். 1998இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் லாரன்ஸ் பெக்கர், பிரபஞ்ச நோக்கத்தை விட்டுவிட்டே ஸ்டோயிக் அறத்தை நிறுவலாம் என்று ஒரு முழு நூலில் வாதாடினார்.

இங்கே ஒரு ஆளைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைத்தான் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஜீனோவின் மாணவர், கியோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டன். உலகம் பற்றிய ஆராய்ச்சி நம் சக்திக்கு மேற்பட்டது, தர்க்கம் நமக்குத் தேவையில்லை, அறம் ஒன்றே நம்முடையது என்றவர். ‘பார்த்தீர்களா, கடவுள் இல்லாத ஸ்டோயிக் அன்றைக்கே இருந்தார்’ என்கிறார்கள். அப்படியில்லை. கடவுளின் வடிவம் அறிய முடியாதது, அது உயிருள்ளதா என்பதும் தெரியாது என்று அவர் சொன்னதாகத்தான் ரோம எழுத்தாளர் சிசரோ தெய்வங்களைப் பற்றி எழுதிய உரையாடலில் வருகிறது. இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதோடு, அரிஸ்டன் இன்னொன்றையும் வெட்டிவிட்டார். உடல்நலமும் நோயும் முற்றிலும் சமம், ஒன்றைவிட மற்றது தேர்வுக்குரியதே இல்லை என்றார். மற்ற ஸ்டோயிக்குகள், நலம் அறமாகாது, ஆனாலும் தேர்ந்தெடுக்கத் தக்கது என்றார்கள். அரிஸ்டனை ஏற்றால், காய்ச்சலுக்கு ஏன் மருந்து சாப்பிட வேண்டும் என்பதற்கே உங்களிடம் பதில் இருக்காது. பள்ளி அவர் வழியில் போகவில்லை. நீங்களும் போக வேண்டாம்.

நம்பிக்கை இல்லாதவர் உண்மையில் இழப்பது ஒன்று உண்டு: ‘நடப்பதெல்லாம் நன்மைக்கே’ என்ற ஆறுதல். உலகத்தை ஒரு நல்லறிவு நடத்துகிறது என்று நம்பியவர்களுக்கே அது சொந்தம். வேலை போனாலும் ‘எல்லாம் ஒரு நோக்கத்தோடுதான்’ என்று நீங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. மார்க்கஸ் ஆரேலியஸ் இதை அறிந்தவர். உலகம் தெய்வ ஏற்பாடா, தற்செயலாகச் சேர்ந்த வெறும் அணுக்களா என்ற கேள்வியை அவர் திரும்பத் திரும்ப எடுக்கிறார். தன் நூலின் 12ஆம் புத்தகத்தில், நடத்துவோர் இல்லாத குழப்பமே உலகம் என்றாலும், அந்த வெள்ளத்தில் உனக்குள் வழிநடத்தும் அறிவு ஒன்று இருக்கிறதே, அது போதும் என்கிறார். உங்களுக்கு மிஞ்சுவது அதுதான். அது சின்ன விஷயமும் இல்லை.

சரி, எட்டாயிரத்துக்கு வருவோம். இணையத்தில் மார்க்கஸ் படத்தோடு ஒரு மேற்கோள் சுற்றுகிறது: நல்லபடி வாழுங்கள், நியாயமான தெய்வங்கள் இருந்தால் உங்கள் அறத்தைப் பார்த்து வரவேற்பார்கள், அநியாயமான தெய்வங்கள் என்றால் அவர்களை வணங்கவே கூடாது, தெய்வமே இல்லையென்றால் நல்ல பெயராவது மிஞ்சும். மார்க்கஸின் நூலில் இது எங்கும் இல்லை. இதற்கு ஓரளவு நெருங்கி வருவது 2ஆம் புத்தகம் 11ஆம் பகுதி. அங்கே தெய்வம் இல்லையென்றால் என்ன என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘ஆனால் தெய்வங்கள் இருக்கின்றன, மனிதர்மேல் அக்கறையும் கொண்டிருக்கின்றன’ என்று எழுதுகிறார். அந்த வரியை விழுங்கிவிட்டு அவரை நாத்திகராக்கி விற்கிறது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் ‘பிரபஞ்ச சக்தி’ என்று விற்கிறது. பிரபஞ்சத்திடம் கேட்டது கிடைக்கும் என்பது ஸ்டோயிக்குகள் சொன்னதற்கு நேர் எதிர். கிடைப்பதும் கிடைக்காததும் நம் கையில் இல்லை என்பதில்தான் எபிக்டீட்டஸின் கையேடே தொடங்குகிறது. விதியை நேசி என்ற லத்தீன் வாசகத்தை ஸ்டோயிக் மந்திரம் என்று பச்சை குத்திக்கொள்கிறார்கள். அதைப் பிரபலமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே.

இவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது நாம்தான். குடிமைப் பணித் தேர்வின் தத்துவ விருப்பப்பாடத்தில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முடிந்ததும் நேராக 17ஆம் நூற்றாண்டின் டெக்கார்ட் வரிசைக்குத் தாவுகிறது பாடத்திட்டம். இடையில் ஐநூறு வருடம் தழைத்த ஒரு பள்ளிக்கு ஒரு வரிகூட இல்லை. அதே தேர்வின் அறவியல் தாளுக்கோ மேற்கோள்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மூலம் படிக்காமல் மேற்கோள் மட்டும் படித்தால் பொய் மேற்கோளை எப்படிக் கண்டுபிடிப்பது? எபிக்டீட்டஸின் கையேடு ஐம்பத்துச் சொச்சம் சின்னப் பகுதிகள்தான், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். இரண்டு வாரம் அதை வாசியுங்கள், வகுப்பு தேவைப்படாது.

அப்புறம், அம்மா. கையேட்டின் 31ஆம் பகுதியில், முன்னோர் வழக்கப்படி, அலட்சியமும் இல்லாமல் சக்திக்கு மீறியும் போகாமல் படையலிடுவது தகும் என்கிறார் எபிக்டீட்டஸ். ஆனால் தெய்வங்களைப் பற்றிய சரியான எண்ணம்தான் முதல் தேவை என்று அங்கேயே சொல்லிவிடுவதால், அது உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு முந்தைய 30ஆம் பகுதி பொருந்தும்: உறவு எதுவோ அதற்கேற்றது கடமை, தகப்பன் என்றால் அவரைக் கவனித்துக்கொள்வது உன் வேலை. அம்மாவுக்கும் அதேதான். கூடப் போங்கள், கூட்டத்தில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களையும் வேண்டிக்கொள்ளச் சொன்னால், நம்பிக்கை இல்லை என்று தணிவாகச் சொல்லிவிட்டு அவர் கும்பிட்டு முடிக்கும் வரை நில்லுங்கள்.