மூக்குக்கு எத்தனை மார்க்?

கேள்வி: பெண் பார்க்க வந்தவர்கள், ‘பொண்ணு லட்சணம்தான், மூக்குதான் கொஞ்சம் சப்பை, நிறமும் மட்டு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ‘எல்லாம் வெள்ளைக்காரன் ஏத்திவிட்ட புத்திம்மா’ என்கிறான் காலேஜில் படிக்கும் மகன். அப்படியா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: பஜ்ஜி, சொஜ்ஜியைக் காலி செய்துவிட்டுத்தானே சொன்னார்கள்?

பிள்ளை சொல்வதில் பாதி சரி. எழும்பூர் மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கடல் உயிரினம், பழைய நாணயம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் மனிதர்களையும் அளக்கத் தொடங்கினார். கையில் கவராயம் மாதிரி ஒரு கருவி. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி, உயரத்தால் வகுத்து வரும் எண்ணைச் சாதிவாரியாக அட்டவணை போட்டார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவமாகப் பொறுக்கி, பாடம் செய்து மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம். அவரே இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் மிருகங்களைப் பார்த்தால், அந்தப் பெண்கள் பயந்ததில் தப்பே இல்லை என்பேன்.

1901 சென்சஸை நடத்திய ரிஸ்லி இன்னும் ஒரு படி மேலே போய், மூக்கு அகலமாக ஆகச் சாதி தாழ்வு என்று விதியே சொன்னார். வடக்கே ஒரு பகுதியைத் தாண்டினால் அந்தக் கணக்கு உதைக்கிறது என்று 1932இல் எடுத்துக்காட்டினார் சமூகவியலாளர் குர்யே.

மிச்சப் பாதி நம்முடையது. சாதி அடுக்கை தர்ஸ்டன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. இங்கே இருந்ததற்கு நம்பர் போட்டார். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைப் பார்த்தவர் தர்ஸ்டன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வெள்ளைக்காரன் தலையில் பழியைக் கட்டி அவரைத் தப்பவிடாதீர்கள். அடுத்த வரனுக்கு ஃபில்டர் போடாத போட்டோவாக அனுப்புங்கள். அது பிடித்தவர்கள் மட்டும் வரட்டும் என்று தரகரிடமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேட்டி கட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனால் உள்ளே விடுவார்களா?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: விட்டே ஆகவேண்டும். 2014 ஜூலையில் சேப்பாக்கத்து கிளப் ஒன்றில், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: லைசென்ஸ் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆனால் மெம்பர்ஷிப் கார்டு கேட்பார்கள், அதிலிருந்து தப்பிக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை.