சின்ன எஞ்சினுக்கு மோட்டார் ட்ரைவ்: அளவு சொல்லிச் செய்விப்பதா, கடையில் கிடைப்பது போதுமா?

கேள்வி: மாடல் ரயிலுக்காக 1:87 அளவில், 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சின்ன டீசல் ஷண்டர் (பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும் எஞ்சின்) ஒன்று செய்கிறேன். இலங்கையின் களனிவெளி ரயில்பாதை குறுகிய பாதையாக இருந்த காலத்தை நினைத்து நானே வரைந்த எஞ்சின், எந்த அசலின் நகலும் இல்லை. இரண்டு அச்சு, வீல்பேஸ் (அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 18 மி.மீ., சக்கரம் 7 மி.மீ. மோட்டார் உட்காரவேண்டிய முன்மூடியின் உள் அகலம் 10 மி.மீ.தான். பாடி இன்னும் கம்ப்யூட்டர் வரைபடமாகத்தான் இருக்கிறது, 3டி பிரிண்ட் எடுக்கவில்லை. அளவு சொன்னால் ட்ரைவ் (மோட்டார், கியர், சக்கரம் எல்லாம் சேர்ந்த அமைப்பு) செய்து அனுப்பும் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றைப் பார்த்தேன், விலை அதிகம். வாங்கலாமா? வாங்கினால் என்னென்ன சொல்ல வேண்டும்? ஒன்று பழுதானால் உதவும் என்று இரண்டாக வாங்கிவிடலாமா? (கொழும்பு வாசகர் ஒருவர்)

பதில்: பாடியை இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன எஞ்சினில் ட்ரைவை முதலில் முடிவு செய்துவிட்டு அதைச் சுற்றித்தான் பாடியை வரைய வேண்டும். பலரும் அழகாகப் பாடியைச் செய்து, பெயின்ட் அடித்து, அப்புறம் உள்ளே மோட்டாருக்கு இடம் தேடுகிறார்கள். அவர்களுக்குத்தான் சொல்லிச் செய்விக்கும் ட்ரைவ் கட்டாயமாகிறது. உங்களுக்கு அது ஒரு வழி மட்டுமே.

மற்ற வழியை முதலில் பார்ப்போம். களனிவெளிப் பாதையின் அகலம் 762 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 8.76 வருகிறது, 9 மி.மீ. தண்டவாளத்துக்கு ஏறக்குறைய சரி. 9 மி.மீ. என்பது N கேஜ் என்ற சின்ன மாடல் ரயில் வகையின் பாதை அகலம் என்பதால் ஜப்பானில் காட்டோ, டோமிடெக் போன்றவர்கள் சின்ன N கேஜ் வண்டிகளுக்காகச் செய்யும் மோட்டார் சேசிஸ்கள் (மோட்டார் பொருத்திய அடிச்சட்டங்கள்) உங்கள் பாதையில் அப்படியே ஓடும். விலையும் குறைவு. ஆனால் அவற்றில் மோட்டாரும் எடையும் சேர்ந்து அகலமான கட்டையாக இருக்கும், 10 மி.மீ. மூடிக்குள் நுழையாது. எஞ்சினை முழு அகலப் பெட்டி வடிவமாக, கேபின் நீண்டு மூடி குட்டையாக, மாற்றி வரைய மனம் வந்தால் இதையே எடுங்கள். சேசிஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும், அதன் வீல்பேஸை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒல்லியான மூடிதான் அந்த எஞ்சினுக்கு அழகு என்று நினைத்தால் செய்விப்பதுதான் வழி. நானும் அந்தப் பக்கம்தான். ஆஸ்திரேலியாவின் ஹாலிவுட் ஃபவுண்டரி புல்-ஆன்ட் என்ற பெயரில் செய்த ட்ரைவ்கள் இந்த முறைக்குப் பேர்போனவை: பாதை அகலம், வீல்பேஸ், சக்கர விட்டம் எல்லாம் வாங்குபவர் சொல்வதுதான். வியன்னாவின் ஹாலிங் டிராம்களுக்கான மோட்டார் போகிகள் (மோட்டாரும் சக்கரங்களும் சேர்ந்த அடிவண்டிகள்) செய்கிறது. பிரிட்டனின் ஹை லெவல், அமெரிக்காவின் நார்த் வெஸ்ட் ஷார்ட் லைன் ஆகியவை கியர்களுக்கும் கியர்பாக்ஸ்களுக்கும் தெரிந்த பெயர்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஓரிருவர் நடத்தும் பட்டறைகள்தான். எனவே இப்போது ஆர்டர் எடுக்கிறார்களா, எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டுக்கொள்ளாமல் பணம் அனுப்பாதீர்கள். பட்டறைக்குத் தேவையான மோட்டாரே நின்றுபோவதும் உண்டு. பொழுதுபோக்குக்காரர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த ஜப்பானின் மஷிமா மோட்டார்கள் 2010-களின் நடுவில் அப்படித்தான் நின்றன.

சரி, என்ன கேட்டு வாங்க வேண்டும்? எல்லோரும் முதலில் மோட்டாரின் பலத்தைக் கேட்கிறார்கள். நான் கியர் விகிதத்தைக் கேட்பேன். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உங்கள் ஷண்டரின் உச்ச வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1:87-இல் அது நொடிக்கு 96 மி.மீ. 7 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 22 மி.மீ., ஆகவே சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 260 சுற்று சுற்றினால் போதும். சின்ன கோர்லெஸ் மோட்டார்களோ (சுருளுக்குள் இரும்புக் கரு இல்லாதவை) 12 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை தாராளமாகப் போகும். இதில் 15:1 கியர் (மோட்டார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) போட்டால் உங்கள் ஷண்டர் மணிக்கு 153 கி.மீ. வேகத்தில் பறக்கும்! சுமையில் வேகம் கொஞ்சம் குறையும்தான், இருந்தாலும் கன்ட்ரோலர் குமிழின் முதல் கால் பங்கிலேயே எல்லா ஓட்டமும் முடிந்துவிடும். மெதுவாக நகர்த்தவே முடியாது. 40:1 என்றால் 57 கி.மீ., 60:1 என்றால் 38 கி.மீ. நீங்கள் கேட்க வேண்டியது 40-க்கும் 60-க்கும் நடுவில் ஏதாவது ஒன்று.

பட்டறைக்காரர் இதற்கு உடனே சரி என்றால், எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். வார்ம் என்பது மோட்டார் சுழற்றும் திருகு, அது அச்சிலுள்ள பல்சக்கரத்தைச் சுற்றும்; ஒற்றைப் புரி வார்மில் அந்தக் கியரின் பல் எண்ணிக்கைதான் விகிதம். அச்சில் உட்காரும் கியர் சக்கரத்தை விடச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டவாள மட்டத்துக்குக் கீழே தொங்கும். 0.3 மாட்யூலில் (மாட்யூல் என்பது பல்லின் பருமனைச் சொல்லும் அளவு) 20 பல் கியரின் வெளிவிட்டம் 6.6 மி.மீ. உங்கள் 7 மி.மீ. சக்கரத்தில் அதற்குக் கீழே மிஞ்சுவது வெறும் 0.2 மி.மீ. ஒரு ஜல்லித் துணுக்கு போதும், கியர் சிக்கிக்கொள்ளும். 0.2 மாட்யூலில் 30 பல் வைத்தால் 6.4 மி.மீ., ஆனால் அவ்வளவு நுணுக்கமான பல்லுக்குத் தூசி ஆகாது. ஆக ஒரே கட்டத்தில் 40:1 கிடைக்காது, இரண்டு கட்டம் வேண்டும். மோட்டாரின் முனையிலேயே 4:1 பிளானட்டரி கியர் (நடுக்கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் உருளும் அமைப்பு), அதன் பிறகு 15 பல் வார்ம் கியர் என்றால் 60:1 வந்துவிடும். கொஞ்சம் இரைச்சல் கூடும். மெதுவான ஓட்டத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் கியர் சில ஆண்டுகளில் வெடிப்பது இந்தப் பொழுதுபோக்கின் தீராத தலைவலி. அச்சுக் கியரைப் பித்தளையில் கேளுங்கள்.

மோட்டார் 8 மி.மீ. விட்டத்துக்கு மேல் போகக்கூடாது. 9 மி.மீ. பாதையில் சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் சுமார் 7.4 மி.மீ.தான் இடைவெளி, அதற்குள் 8 மி.மீ. மோட்டார் இறங்காது. சக்கரங்களுக்கு மேலேதான் படுக்க வேண்டும். அப்போது மோட்டாரின் தலை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 16 மி.மீ. உயரத்துக்கு வரும். உங்கள் வரைபடத்தில் மூடியின் உட்கூரை அதற்கு மேல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் 6 மி.மீ. மோட்டார். அது சக்கரங்களுக்கு நடுவிலேயே போய்விடும், பலமும் அதற்கேற்பக் குறையும்.

12 வோல்ட் மோட்டார்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ரோன்களில் வரும் 3.7 வோல்ட் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று பொருத்தித் தருபவர்களும் உண்டு. 12 வோல்ட் பாதையில் அது எரிந்துபோகும். கோர்லெஸ் மோட்டாருக்கு இன்னொரு ஒவ்வாமை: மோட்டாரின் வேகத்தைப் பார்த்துத் தானே மின்சாரத்தைத் திருத்தும் பழைய ஃபீட்பேக் கன்ட்ரோலர்கள் அனுப்பும் முரட்டுத் துடிப்பு மின்சாரம். அது மெல்லிய சுருளைச் சூடாக்கிக் கெடுக்கும். சுத்தமான டிசி கொடுங்கள், அல்லது உயர் அதிர்வெண்ணில் மோட்டாரை ஓட்டும் டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை எஞ்சினுக்குள் வாங்கி மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்) போடுங்கள். ஸிமோ நிறுவனத்தின் எம்எக்ஸ்616 டிகோடர் 8 × 8 மி.மீ. சதுரம்தான், உங்கள் கேபின் கூரைக்கடியில் ஒட்டிவிடலாம். இப்போது டிசிசி வேண்டாம் என்றாலும், மோட்டாரின் இரண்டு முனைகளும் சேசிஸைத் தொடாமல் தனி ஒயராக வரவேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

நாலு சக்கர எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால் மோட்டாரைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி மின்தொடர்பு. நாலு சக்கரமும் ஒரே விறைப்பான சட்டத்தில் இருந்தால், பாதை கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் மூன்று சக்கரம்தான் தண்டவாளத்தைத் தொடும். ஆகவே நாலு சக்கரத்திலும் பிக்கப் (தண்டவாள மின்சாரத்தை எடுக்கும் தொடர்பு), ஓர் அச்சு மட்டும் ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும்படி லேசாக ஆடுவதாக, இரண்டு அச்சுக்கும் கியர் என்று கேளுங்கள். இழுவைக்காக ரப்பர் வளையம் போட்ட சக்கரம் வேண்டவே வேண்டாம், அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. ஃப்ளைவீலுக்கும் (மின்சாரம் விட்டுப்போனாலும் சுழற்சியைத் தொடரவைக்கும் கனச் சக்கரம்) காசைக் கொட்டாதீர்கள். ஒரே நீளத்தில் விட்டம் பாதியானால் அதன் நிலைமம் பதினாறில் ஒன்றாகிவிடும். 8 மி.மீ. ஃப்ளைவீல் மெதுவான வேகத்தில் பேருக்குத்தான் இருக்கும். டிகோடரோடு மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சின்ன சூப்பர் கெபாசிட்டர் வைத்தால் அதைவிடப் பலமடங்கு பலன். பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட்டுகளையும், தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் நடுமூக்கில் மின்சாரம் பாயும் வகையாகப் போட்டுவிடுங்கள். 18 மி.மீ. வீல்பேஸ் எஞ்சின் பிளாஸ்டிக் மூக்கின் மேல் நின்றுவிடும்.

இழுக்குமா என்ற கவலைக்கு எடைதான் பதில். உலோகச் சக்கரத்தில் இழுவிசை எஞ்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள். 30 கிராம் எஞ்சின் 6 கிராம் இழுக்கும். நாற்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் தன்னைத் தூக்கவே முக்கால் கிராம் போய்விடும். 15 கிராம் பெட்டி ஒவ்வொன்றும், நன்றாக உருளும் அச்சாக இருந்தால், இன்னொரு முக்கால் கிராம் கேட்கும். ஏழு பெட்டி. வளைவுகளையும் சேர்த்தால் ஐந்து. குறுகிய பாதை ஷண்டருக்கு இது ஏராளம். ஆனால் பிரிண்ட் எடுத்த பாடி காற்றாக இருக்கும் என்பதால் அந்த 30 கிராமை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டன் 19.3. மூலைமுடுக்கில் டங்ஸ்டன், இடம் இருக்கும் இடத்தில் ஈயம். பாரம் இரண்டு அச்சுக்கும் நடுவில் விழ வேண்டும்.

பட்டறைக்கு எழுதும்போது, தையல்காரரிடம் பழைய சட்டையைக் கொடுத்து 'இதே மாதிரி' என்பது இங்கே எடுபடாது. பாதை அகலம் 9, வீல்பேஸ் 18, சக்கரம் 7 என்று மி.மீ. கணக்கில் எழுதி, விட்டம் என்பது விளிம்பு சேராமல் உருளும் பரப்பில் அளந்தது என்றும் சொல்லுங்கள். சக்கரத்தின் விளிம்பு அமைப்பு ஐரோப்பிய நெம் தரமா, அமெரிக்க ஆர்பி-25-ஆ என்பது உங்கள் பாயின்ட்டுகளைப் பொறுத்தது. பாயின்ட் செய்தவர் பெயரைக் குறிப்பிட்டால் பட்டறைக்காரருக்குப் புரியும். மோட்டார் எந்த முனையில், அதிகபட்ச உயரம், பாடியோடு சேரும் திருகுத் துளைகளின் இடம் ஆகியவற்றுக்கு ஒரு பக்கவாட்டுப் படமும் ஒரு மேல்பார்வைப் படமும் அனுப்புங்கள். அவர் பதிலுக்கு அனுப்பும் படத்தை வைத்துத்தான் உங்கள் பாடி வரைபடத்தைத் திருத்த வேண்டும். ட்ரைவ் கைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகு பிரிண்ட்.

வந்ததும் பாடி இல்லாமல், கொஞ்சம் பாரம் மட்டும் வைத்து, ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு ஒரு மீட்டர் நேர்பாதையைக் குறித்துக்கொண்டு கடிகாரம் பிடியுங்கள். 60:1 கேட்டிருந்தீர்கள் என்றால், முழு வோல்ட்டில் 8 முதல் 10 நொடிக்குள் கடந்தால் கியர் நீங்கள் கேட்டபடி இருக்கிறது. 3 நொடியில் கடந்தால் வேறு விகிதத்தை அனுப்பியிருக்கிறார்கள், உடனே எழுதுங்கள். குறைந்த வேகத்தில் அதே மீட்டருக்கு 2 நிமிடம் எடுத்துக்கொண்டு, நிற்காமல் ஊர்ந்தால் அருமையான ட்ரைவ். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் கியரோ அச்சோ கோணல். நீங்களே பிரித்துப் பார்க்க முயலாமல் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாக வாங்கலாமா என்றால், வேண்டாம். முதல் ட்ரைவ் ஓடிப் பார்த்த பிறகு உங்களுக்கே இரண்டு அளவுகளையாவது மாற்றத் தோன்றும். அதற்குப் பதில் அதே ஆர்டரில் ஒரு மோட்டார், ஒரு வார்ம், இரண்டு அச்சுக் கியர்கள் உதிரியாகக் கேளுங்கள். ஒரே பார்சலில் வந்தால் தபால் செலவும் ஒருமுறைதான். முழு ட்ரைவின் விலையோடு பார்த்தால் உதிரிகள் சொற்பம்தான். தேய்ந்துபோவதும் அவைதான்.