5 லட்சத்துக்கு என்ன கருவி வாங்கலாம்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பிஎச்.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த வருடம் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வருவதால் கல்லூரியில் 'ரிசர்ச் செல்' தொடங்கி, என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். நிர்வாகம் 5 லட்சம் ரூபாய் தருகிறதாம், ஏதாவது பெரிய கருவியாக வாங்க வேண்டுமாம். ஆளுக்கு வருடம் இரண்டு கட்டுரை என்று சுற்றறிக்கையும் வந்தாயிற்று. எனக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பு. லேபில் இருப்பது இரண்டு மைக்ரோஸ்கோப், ஒரு தராசு. கூடப் படித்தவள் கொரியாவில் போஸ்ட்டாக் செய்கிறாள். "அங்கே கிடந்து என்ன செய்யப்போகிறாய், கிளம்பி வா" என்கிறாள். என்ன கருவி வாங்கலாம்? இல்லை, நானும் கிளம்பிவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்)

பதில்: அன்புள்ள டீச்சர்,

கருவியிலிருந்தே தொடங்குகிறேன். நான் சூடுபட்டது அதில்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் (எது என்று கேட்காதீர்கள்) மானியப் பணத்தில் ஒரு எஃப்.டி.ஐ.ஆர். வாங்கினோம். அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, ஒரு பொருளுக்குள் என்னென்ன வேதிப் பிணைப்பு இருக்கிறது என்று சொல்லும் பெட்டி. ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தொடங்கினோம். முதல் வருடம் நன்றாகவே ஓடியது. அதன் உள்ளே ஒளியைப் பிரிக்கும் தகடு பொட்டாசியம் புரோமைடால் ஆனது. கிட்டத்தட்ட உப்பு மாதிரி, ஈரம் பட்டால் மங்கிப் போகும். அதற்காகவே உள்ளே சிலிக்கா ஜெல் வைத்திருப்பார்கள். நீலமாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை, ரோஸ் நிறமானால் மாற்றிவிட வேண்டும். நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்று காய்வதற்கு நேரமே கிடையாது. கோடை விடுமுறையில் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க யாரோ ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். ஜூனில் கதவைத் திறந்தால் சிலிக்கா ஜெல் பஞ்சுமிட்டாய் நிறத்தில் கிடக்கிறது.

பழுதுபார்க்கப் பணம் கேட்டோம். பட்ஜெட்டில் கருவி வாங்கத் தலைப்பு இருந்தது, ரிப்பேருக்குத் தலைப்பு இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு வருடத்தில் ஒரே ஒரு வேலை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வாங்கிக்கொள்வது. ஆய்வுக்குழு வந்த அன்று வெல்வெட் உறையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே வாங்காதீர்கள். கருவி தேவைப்படும் நாள் வந்தால் அதற்கு வழி இருக்கிறது. ஐ-ஸ்டெம் என்று மத்திய அரசின் இணையதளம் 2020 முதல் இருக்கிறது; எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்து, கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கு மாதிரியைக் கூரியரில் அனுப்பி முடிவு வாங்கலாம்.

உங்களுக்குப் பஞ்சம் நேரத்துக்கும் பேச்சுத்துணைக்கும்தான். யு.ஜி.சி. 2018 விதியில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. உங்களுக்கு 20. மிச்ச நேரத்தை விடைத்தாளும் அட்டெண்டன்ஸும் தின்றுவிடும். அப்துஸ் சலாம் கதை தெரியுமா? கேம்பிரிட்ஜில் படித்த இயற்பியல்காரர், 1951-இல் லாகூர் அரசுக் கல்லூரிக்குத் திரும்பினார். ஆராய்ச்சியை மறந்துவிடு, விடுதி வார்டன், கணக்கு வழக்கு, ஃபுட்பால் டீம் மூன்றில் ஒன்றைப் பார்த்துக்கொள் என்றார்கள். மனிதர் ஃபுட்பாலை எடுத்துக்கொண்டார். பேச ஓர் ஆள் இல்லாமல் 1954-இல் மறுபடி கேம்பிரிட்ஜ் போய்விட்டார். 1979-இல் நோபல் வாங்கியது பிறகு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தன்னைப் போல யாரும் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கக் கூடாது என்று 1964-இல் இத்தாலியின் டிரியஸ்டேயில் ஒரு மையம் தொடங்கினார். வளரும் நாட்டு ஆசிரியர் சில வாரமோ சில மாதமோ அங்கே போய் வேலை செய்துவிட்டு, தன் கல்லூரிக்கே திரும்பலாம்.

அதனால் முதல்வரிடம் பணத்துக்கு முன்னால் ஒரு மதியத்தைக் கேளுங்கள். புதன்கிழமை 2 மணிக்கு மேல் நான்கு பேருக்கு வகுப்பு இல்லை என்று டைம் டேபிளில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக வாங்கினால் முதல் இன்டர்னல் டெஸ்ட்டில் போய்விடும். நான்கு பேரும் விலங்கியலாக இருக்க வேண்டாம். கணிதத்தில் புள்ளியியல் தெரிந்த ஒருவர், பொருளியலில் ஒருவர், தமிழ்த்துறையில் ஒருவர், நீங்கள். தமிழ் எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

உங்கள் வகுப்பில் தூத்தூர், இனயம், குளச்சல் பிள்ளைகள் இருப்பார்கள். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு என்று அவர்களுக்குத் தெரியும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் கரையில். காசு கொட்டி வைக்கும் பரிசோதனையில்கூட இப்படி ஓர் ஏற்பாடு அமையாது. ஒரு பக்கம் அடைப்பு, மறு பக்கம் திறப்பு, நடுவில் இரண்டு வாரம் இரண்டுமே அடைப்பு. மீனும் வியாபாரியும் வாங்குகிறவர்களும் ஒரே மாவட்டம். சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது குளச்சலில் சாளை விலை என்ன ஆகிறது? அந்த நாட்களில் வள்ளத்துக்காரருக்கு என்ன மீன், எவ்வளவு நீளத்தில் கிடைக்கிறது? தடை முடிந்து முதல் வாரம் வரும் மீனில் சினை எத்தனை?

இதற்கு வேண்டியது அளவுப்பலகை, தராசு, நோட்டு, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் விடியற்காலையில் ஏலம் விடும் இடத்தில் நிற்கப் பொறுமை. உங்கள் மைக்ரோஸ்கோப் சினை பார்க்கப் போதும். மற்ற இடத்தில் மத்தி என்பதை நாம் சாளை என்கிறோம். ஊருக்கு ஊர் பேர் மாறினால் நோட்டில் ஒரே மீன் இரண்டு மீனாக ஏறிவிடும். தமிழ்த்துறை அதற்குத்தான்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கரைக்கு வரும் மீனைப் பல்லாண்டாக மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறது. அவர்களுக்கு விழிஞ்ஞத்தில் ஒரு மையம் உண்டு, உங்களுக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரம். எப்படி மாதிரி எடுக்கிறார்கள் என்று முதலிலேயே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று வருடம் நோட்டு எழுதிவிட்டு, "செவ்வாய்க்கிழமை மட்டும் போனீர்களா, ஞாயிறு ஏலம் வேறல்லவா" என்று கேட்டால் அழுகைதான் வரும்.

கட்டுரை விஷயம். நான்கு நாளில் போட்டுத் தருகிறோம், 8,000 ரூபாய் அனுப்புங்கள் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். எது நல்ல இதழ் என்று சொல்ல யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இனி பொறுப்பு கல்லூரியுடையது, ரிசர்ச் செல் என்றால் உங்களுடையது. ஆளுக்கு இரண்டு என்பதை நான்கு பேர் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று மாற்ற முடியுமா என்று வாதாடிப் பாருங்கள். தோற்பீர்கள், ஆனாலும் மினிட்ஸில் ஏறட்டும்.

படிக்க இதழ் இல்லை என்ற குறையும் வரும். இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் அது அரசுக் கல்வி நிலையங்களுக்குத்தான். நாகர்கோவிலில் என்ட் டு என்ட் பஸ் ஏறி நெல்லையில் இறங்கினால் அபிஷேகப்பட்டியில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகம். உட்கார்ந்து படிக்க அனுமதிக் கடிதம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

கொரியா? போக ஆசையிருந்தால் போங்கள், நான் யார் தடுக்க. ஆனால் ஒருமுறையாவது நடுவழியை முயன்று பாருங்கள். இந்தியாவின் சயின்ஸ் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடையில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தருகின்றன. இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்துவிட்டு வரலாம். அடுத்த கோடையும் அதே லேபுக்குப் போக முயலுங்கள். லேப் மாறிக்கொண்டே இருந்தால் போட்டோதான் மிஞ்சும்.

அந்த 5 லட்சம்? மீன் கெடாமல் வைக்க ஒரு டீப் ஃப்ரீசர், அதற்கு ஸ்டெபிலைசர், கம்ப்யூட்டர் ஒன்று, விடியற்காலையில் போகும் பிள்ளைகளுக்குப் பஸ் காசும் காலைச் சாப்பாடும் மூன்று வருடத்துக்கு, மாதிரி அனுப்பும் கட்டணம். மிச்சத்தை 'பராமரிப்பு' என்று எழுதித் தொடாமல் வையுங்கள். நிர்வாகம் ரிப்பன் வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஃப்ரீசருக்கு வெட்டட்டும்.

தராசை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். ஏலக்காரரிடம் கடன் கேட்டால் தருவார், கூடவே இரண்டு கிலோ அயலையையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்.