2023-24 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சாம்பியன் மோகன் பகானா, மும்பையா?

கிருஷ்ணகிரி டீக்கடையில் நண்பர்கள் இரண்டு பேர், ஒருவர் மோகன் பகான் என்றும் இன்னொருவர் மும்பை என்றும் சண்டை போட்டதாகச் சொல்லி, எது சரி என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சொன்னது சரிதான்; ஷீல்டு, கோப்பை என்று பட்டம் இரண்டு.

12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டம். இந்த லீக் சுற்றின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் ஷீல்டு. கடைசி லீக் ஆட்டத்தில் மும்பைக்கு டிரா போதும். ஆனால் கொல்கத்தாவில் மோகன் பகான் 2-1 என ஜெயித்து, 48 புள்ளிகளோடு ஒரே புள்ளியில் முந்தியது. அப்புறம் முதல் ஆறு அணிகளுக்கு, கோப்பைக்கான பிளே-ஆஃப் என்ற அடுத்த சுற்று. மே 4 இறுதியில், அதே மைதானத்தில், மும்பை 3-1 என்று பழிதீர்த்து கோப்பையை வாங்கியது.

என்னைக் கேட்டால் ஷீல்டுதான் பெரிசு. அந்த சீசனில் ஆசிய அளவிலான கிளப் போட்டிக்கான இடமும் அதற்குத்தான் கிடைத்தது. நம்ம 'சென்னையின் எஃப்.சி.' அணி ஆறாவதாக பிளே-ஆஃபுக்குள் நுழைந்து, கோவாவிடம் தோற்றது. ஓசூர்க்காரர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் பெங்களூருவோ பத்தாவது!