“இனிமேல் இங்கே வராதே” என்று மருத்துவர் சொல்லலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 67 வயது, நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். வலது பாதத்தில் வந்த புண்ணுக்காக எங்கள் ஊர் தனியார் கிளினிக் ஒன்றில் மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றி வந்தோம். ஒவ்வொரு முறையும் 400 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கொடுத்ததே இல்லை. கடைசியாகப் போன அன்று இரண்டரை மணி நேரம் காக்க வைத்தார்கள். “புண் ஆறவில்லையே சார், கோயம்புத்தூரில் ஒருமுறை காட்டலாமா?” என்று கேட்டதற்கு, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “காலை எடுத்தால்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும், இனிமேல் இங்கே வராதே” என்று மருத்துவர் கத்தினார். அவிழ்த்த கட்டைத் திரும்பப் போடாமலேயே அனுப்பிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டேன். தர முடியாது என்றார்கள். இப்போது அம்மா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறார். என் தம்பி பேச்சின் ஒரு பகுதியைக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறான். அதை முகநூலில் போடப்போவதாகச் சொல்கிறான். மரியாதைக் குறைவாக நடத்தியதற்கு வழக்குப் போட முடியுமா? (கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் நெஞ்சைச் சுடுவது அந்த மருத்துவரின் சொற்கள்தான். ஆனால் வழக்கறிஞர் என்ற முறையில் நான் இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டவை, நீங்கள் ஒவ்வொரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன இரண்டு செய்திகள்: அவிழ்த்த புண்ணைக் கட்டாமல் அனுப்பியது, கேட்ட ஆவணங்களைத் தர மறுத்தது. உங்கள் வழக்கு நிற்கப்போவது இந்த இரண்டின் மேல்தான்.

கடுமையாகப் பேசியது தனியே ஒரு சட்ட மீறலா என்றால், முழுக்க இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), சேவையின் தரத்தில் மட்டுமல்லாமல் அது செய்யப்படும் விதத்தில் உள்ள குறையையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிகளும் பொறுமையும் இதமும் மருத்துவரின் இயல்பாக இருக்க வேண்டும் என்கின்றன. (2023இல் வெளியான புதிய விதிகள் அதே ஆகஸ்ட் மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டதால், இந்தப் பழைய விதிகளின்படிதான் புகார் கொடுக்க வேண்டும்.) இருந்தாலும் வெறும் கத்தலை மட்டும் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தின் முன் போய் நின்றால், “கூட்டம் அதிகம், ஒரு நிமிடம் நிதானம் தவறிவிட்டது” என்ற ஒற்றைப் பதிலோடு எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். இரண்டரை மணி நேரம் காக்க வைத்ததும் அப்படித்தான். அவசர நிலை இல்லாத நோயாளியின் விஷயத்தில் அதற்குத் தனி மதிப்புக் கிடைப்பது அரிது.

கட்டுப் போடாமல் அனுப்பியது வேறு வகை. அவசரச் சிகிச்சை தவிர மற்ற நேரங்களில் யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் மருத்துவருக்கு உண்டு. ஆனால் ஒருவரைத் தம் நோயாளியாக ஏற்றுக்கொண்ட பிறகு அவரைப் புறக்கணிக்கக் கூடாது என்றும், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் போதிய முன்னறிவிப்புத் தராமல் பாதியில் விலகக் கூடாது என்றும் மேற்சொன்ன விதிகளின் 2.4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணைத் திறந்தபடியே விட்டு, “வராதே” என்று சொன்னதை முன்னறிவிப்பு என்று எந்த வழக்கறிஞராலும் வாதாட முடியாது. வேறு மருத்துவரிடம் காட்டலாமா என்று நீங்கள் கேட்டது குற்றமும் அல்ல. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையும் ஒன்று. சாசனத்துக்கு என்று தனித் தண்டனைப் பிரிவு கிடையாது. ஆனால் ஒரு மருத்துவர் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு உங்கள் மனுவில் அதை மேற்கோள் காட்டலாம்.

அடுத்தது ஆவணங்கள். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது அதே 2002 விதிகளில் 1.3.2ஆம் விதி. நீங்கள் வாயால் கேட்டிருக்கிறீர்கள், அவர்கள் வாயால் மறுத்திருக்கிறார்கள்; இதற்குச் சாட்சியம் இல்லை. ஆகவே உங்கள் தாயார் கையெழுத்திட்டு, சிகிச்சை நடந்த தேதிகளைக் குறிப்பிட்டு, மருந்துச் சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், கட்டணம் செலுத்தியதற்கான ரசீதுகள் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கொடுத்துவிட்டால் இப்போது சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கு அது உடனே பயன்படும். கொடுக்காவிட்டால், எந்த மருத்துவ நிபுணரின் துணையும் இல்லாமல் தபால் ரசீதைக் கொண்டே நிரூபித்துவிடக்கூடிய ஒரு விதிமீறல் உங்கள் கையில் இருக்கும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். உங்களிடம் உள்ள பழைய சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே போவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அந்த மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப வேண்டும். புகாரின் மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன விதிகள். கவுன்சில் எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். உங்களுக்குப் பணம் வாங்கித் தர அதனால் முடியாது. அதன் அதிகாரம் மருத்துவரோடு நின்றுவிடும். வரவேற்பில் இருந்தவர் பேசியதை அது விசாரிக்காது. கிளினிக் என்ற நிறுவனத்தின் மீதான புகாரை, 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம்.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995இலேயே, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் தீர்த்துவிட்டது. ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கணக்குக்குப் போன 400 ரூபாய்களைக் காட்டும் உங்கள் வங்கி அறிக்கை நல்ல சான்று. பணம் கட்டியவர் நீங்கள், பயன்பெற்றவர் தாயார் என்பதால் இருவரும் சேர்ந்தே மனுதாரர்களாகலாம். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் (1998) சிகிச்சை பெற்ற குழந்தை, அதைக் கொண்டுபோன பெற்றோர் ஆகிய இரு தரப்பும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் சொன்னதோடு, பெற்றோரின் மன உளைச்சலுக்கென்று தனியாக 5 லட்சம் ரூபாய் வழங்கியதையும் உறுதி செய்தது. அந்தத் தொகையை உங்கள் வழக்குக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அங்கே குழந்தையின் மூளையே மீள முடியாமல் பாதிக்கப்பட்டிருந்தது. மன உளைச்சலுக்கு இழப்பீடு உண்டு என்ற கொள்கைதான் உங்களுக்கு உதவும்.

சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. தேவைப்பட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

மனுவில் ஒன்றை மட்டும் அளந்து எழுத வேண்டும். “இவர்களால்தான் புண் முற்றியது” என்று எழுதினால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் தேவையில்லை என்று 2010இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், சர்க்கரை நோயாளியின் பாதப் புண் நல்ல சிகிச்சையிலும் முற்றக்கூடியது என்பதால், இந்தக் கேள்விக்கு மருத்துவரின் சாட்சியம் இல்லாமல் ஆணையம் விடை காணாது. அரசு மருத்துவமனையில் சேர்த்த அன்று புண் இருந்த நிலை, கட்டு இருந்ததா இல்லையா என்பது சேர்க்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்குங்கள். அதில் சாதகமாக எதுவும் இல்லையென்றால், சிகிச்சையைப் பாதியில் கைவிட்டது, ஆவணம் மறுத்தது, நோயாளியின் உடல்நிலையைப் பலர் முன் கத்திச் சொன்னது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய வழக்காக இருந்தாலும் அது நிற்கும்.

இனி உங்கள் தம்பிக்கு. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அந்தப் பதிவை முகநூலில் போட்டால், உங்கள் தாயாரின் நோயை வரிசையில் இருந்தவர்களுக்கு மருத்துவர் சொன்னார் என்று நாம் வைக்கும் குற்றச்சாட்டை, ஊருக்கே சொல்லி நாமே நீர்த்துப் போகச் செய்தவர்கள் ஆவோம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்கையும் எதிர்பார்க்க வேண்டும். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை என்பது நல்ல எதிர்வாதம்தான், ஆனால் அதைச் சொல்ல நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். பதிவான கைப்பேசியை அப்படியே வைத்திருக்கட்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அது ஆணையத்தில் சாட்சியமாகும். உறவினர்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய் நியாயம் கேட்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் பிணையில் விட முடியாதது. வாய்த்தகராறு கைகலப்பானால், மனுதாரர் வீட்டு ஆளே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார்.

கிளினிக்கில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், அன்றைய தேதியின் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி ஆவணம் கேட்கும் அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இத்தகைய பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடுவது வழக்கம் என்பதால், அந்தக் கடிதம் இந்த வாரத்துக்குள் தபாலில் சேர வேண்டும்.