வரி மாறினால் எதைத் திருத்துவது?

கேள்வி: செருப்புக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். வரி, தள்ளுபடி, ஸ்டாக் எல்லாவற்றையும் டிஎம்என் (முடிவெடுக்கும் விதிகளை அட்டவணையாக எழுதும் முறை), யூஎம்எல் (மென்பொருளின் அமைப்பைப் படமாக வரையும் முறை) என்று வரைந்துவிடலாம் என்கிறார் என் பார்ட்னர். எனக்கு கையால் நிரல் எழுதித்தான் பழக்கம். எது நல்லது ஐயா?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: வரியை அட்டவணையில் வையுங்கள் தம்பி. மற்றதை நீங்களே எழுதுங்கள்.

சத்துவாச்சாரியில் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலில் வரி விகிதம் மூன்று இடத்தில் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் ஜோடி 1000 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. மூன்றையும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். டிசம்பரில் விற்ற செருப்பு ஒன்று திரும்பி வந்தது. ரிட்டர்ன் பில்லில் 12 சதவீதம் விழுந்தது. விற்ற நாளின் 5 தானே வரவேண்டும்?

கடைக் கணக்கர் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கட்டம் போட்டார். விற்ற தேதி, தள்ளுபடி போக ஜோடி விலை, வரி. நான்கே வரிசை. என் நிரலில் தேதியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. '1000-க்கு மிகாமல்' என்பதை நான் '1000-க்குக் குறைவாக' என்று எழுதியிருந்ததையும் அவர்தான் பிடித்தார். நிரலைக் காட்டியிருந்தால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மென்பொருள் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2015-இல் வெளியிட்ட டிஎம்என்னின் உயிர் இந்தக் கட்டம்தான். அதில் 'யூனிக்' என்று குறித்துவிட்டால் ஒரு பில்லுக்கு ஒரு வரிசைதான் பொருந்தலாம். இரண்டு பொருந்தினால் அது பிழை. இது பெரிய காவல். ஒரு தொல்லையும் உண்டு: கோப்பு எக்ஸ்எம்எல்லாக, அதாவது குறிச்சொற்கள் நிறைந்த உரையாகச் சேமிக்கப்படுவதால், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஒப்பிட்டுப் படிப்பது கஷ்டம்.

பைசா ரவுண்டிங், ஸ்டாக் கழிப்பது, பிரிண்டருக்கு அனுப்புவது எல்லாம் படிப்படியான வேலை. அதற்குப் படம் வேண்டாம். யூஎம்எல் படத்திலிருந்து முழு நிரலையும் உருவாக்கிப் பார்த்திருக்கிறேன். கடையில் கூட்டம் நிற்கும்போது நிரலில்தான் கை வைப்போம், படம் பழசாகிவிடும்.

இரண்டு மூன்று கடைக்கு விதி எஞ்சின் (இப்படிப்பட்ட கட்டத்தைப் படித்து முடிவு சொல்லும் மென்பொருள்) கூடத் தேவையில்லை, டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தை ஒரு அட்டவணையாக வைத்தால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆனபோது, பழைய வரிசைகளுக்கு முடிவுத் தேதி போட்டு இரண்டு வரிசை சேர்த்தேன், நிரலைத் தொடவில்லை. நீங்களும் செப்டம்பர் 21, 22 இரண்டு தேதிக்கும் 1000, 1001, 2500, 2501 போட்டு பில் எடுத்துப் பாருங்கள். அதுவரை 1000-க்கு மேல் 18 என்பதால், 2500 ரூபாய் ஷூவுக்கு முதல் நாள் 18, மறுநாள் 5 வரவேண்டும்.