கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போய்வர, வேடிக்கை பார்க்க நல்ல ரயில் பயணங்கள் எவை?

நம் பக்கத்தில் பலரும் ராமேஸ்வரத்துக்கோ கொல்லத்துக்கோ ராத்திரி வண்டியில் ஏறி, பார்க்க வேண்டிய இடத்தைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறார்கள். திரும்பும்போது அவசரமாக பஸ் பிடிக்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். போகும்போது எதில் வேண்டுமானாலும் போகலாம். திரும்பும் வண்டியைத்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

என் முதல் தேர்வு ராமேஸ்வரம்–தாம்பரம் வண்டி, எண் 16104. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கி வைத்தார்கள். காரைக்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக வந்து கடலூர் ஊருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நிற்கிறது. இதன் ஜோடி வண்டி 16103 பாலத்தைத் தாண்டுவது விடியுமுன், ஜன்னலில் இருட்டுதான். 16104 பிற்பகலில் கிளம்புவதால் நல்ல வெளிச்சத்தில் கடலைப் பார்க்கலாம்.

மண்டபம் நோக்கி வரும்போது வலப்பக்கம் பாக் நீரிணை. புதிய பாலம் பழையதற்கு வடக்கே அமைந்திருப்பதால், அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டு கதவு போல மேலே விரிந்து வந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரும். ஜன்னலுக்கு வெளியே உயரமான எஃகுக் கோபுரம் வந்தால் அந்த இடம் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே வண்டி மெதுவாகத்தான் போகும்.

ஏசி பெட்டி வேண்டாம். திறக்காத கண்ணாடியில் அழுக்கும் உப்பும் படிந்திருந்தால் கடலும் மங்கல்தான். ஸ்லீப்பரில் லோயர் பர்த் கேளுங்கள், பகலில் ஜன்னல் அவர்களுக்குத்தான். சைடு லோயரும் நல்லது: பர்த்தை மடித்தால் எதிரெதிராக இரண்டு ஒற்றை இருக்கை, இரண்டுக்கும் ஜன்னல் உண்டு. ஆர்ஏசி (ஒரு சைடு லோயரை இரண்டு பேர் பகிர்ந்து உட்காருவது) என்று வந்தாலும் இந்த வண்டியில் வருத்தப்பட வேண்டியதில்லை! பெட்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று முன்பதிவில் தெரியாது. தப்பான பக்கம் அமைந்தால் எதிர்ப்பக்கத்துக்காரரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

சொதப்புவது காற்றுதான். வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விழுந்துவிடும், வண்டி பாலத்துக்கு முன்பே நிற்கும். ஆடிக் காற்றிலும் கார்த்திகைப் புயல் நாட்களிலும் இதைக் கணக்கில் வையுங்கள். கடலூர் சேர நடுராத்திரி ஆகும், அலாரம் அவசியம். புதுச்சேரிக்காரர்களுக்கு பஸ் நிலையம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது.

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையிலும் இதே கணக்கு. விழுப்புரத்தில் மாலையில் கிடைக்கும் சென்னை–கொல்லம் எக்ஸ்பிரஸ் (16101) செங்கோட்டை போகும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும். கொல்லத்திலிருந்து திரும்பும் 16102-ல் மலை முழுக்கப் பகல் வெளிச்சம். ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு இன்ஜின் தள்ளும். கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் 1904-ல் மீட்டர் கேஜுக்காகத் திறந்த பாதையில் உள்ளது. 2018-லிருந்து அதில் அகலப்பாதை. பாலத்தின் வளைவுகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கீழே ரோட்டில்தான் நிற்க வேண்டும், வண்டிக்குள்ளிருந்து கிடைக்காது. தென்மேற்குப் பருவமழை நாட்களில் போங்கள்.

ஊட்டி மலை ரயில் இதற்கு நேர் எதிர்: ஏறுவதுதான் அழகு. காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் வண்டியைக் கல்லாறு முதல் குன்னூர் வரை பல் தண்டவாளத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். 60 நாள் முன்பே முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள்.

விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-லிருந்து இருக்கிறது, ஆனால் வேடிக்கைக்காக அதில் ஏற வேண்டியதில்லை. அரை நாள்தான் இருக்கிறதென்றால் திருப்பாதிரிப்புலியூரில் மயிலாடுதுறை பாசஞ்சர் ஏறி, இடப்பக்கம் உட்காருங்கள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாறு, கடலை நெருங்கிய அகலத்தில். அடுத்து வரும் கிள்ளையில் அலையாத்திக் காடு தெரியும் என்று நினைக்காதீர்கள், பிச்சாவரம் கிழக்கே தள்ளி இருக்கிறது. வல்லம்படுகைக்கு அப்புறம் கொள்ளிடம், பெரும்பாலும் மணல்தான். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைத் திருப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், ஓரிரு நாள் கழித்துப் போங்கள்.